கைக்குட்டை செய்த கொலை அல்ல

சென்ற மாதம் ஒரு கல்லூரியின் மாணவர் நாடகக் குழு என்னை அழைத்திருந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வைச் சுருக்கித் தமிழில் மேடையேற்றப் போகிறார்கள். "நீங்க தமிழ் படிச்சவங்க, மொழிபெயர்ப்பை ஒரு தடவை பார்த்துக் கொடுங்க சார்" என்றார்கள். ஆங்கில இலக்கியம் எனக்குத் தூரம். முதுகலையில் ஒப்பிலக்கியத் தாளுக்காக இந்த நாடகத்தைப் படித்ததோடு சரி. 'சந்தேகத்தால் அழிந்த ஒரு மாவீரனின் கதை' என்று அன்று தேர்வில் ஐந்து மதிப்பெண் விடை எழுதியதும் நினைவிருக்கிறது.

படியின் முதல் பக்கத்திலேயே மாணவர்கள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மூலத்தில் ஒத்தெல்லோவை மற்றவர்கள் 'மூர்' என்று குறிப்பிடுகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கறுத்த மனிதர்களுக்கு அந்தக் கால ஐரோப்பா வைத்திருந்த பொதுப்பெயர் அது. 'மூர் இனத்தவன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு 'கறுப்பன்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இரண்டும் ஒட்டவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி மெல்லச் சொன்னார்: "சார், இதுக்கு எங்க ஊர்ல ஒரு வார்த்தை இருக்கு. 'காலனிக்காரன்'னு சொல்லுவாங்க."

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் யார், சொல்லி வளர்ந்தவர்கள் யார் என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்துவிட்டது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஆவணத்தை விட்டு அது சீக்கிரம் போய்விடலாம். வாயை விட்டுப் போக நாளாகும்.

அன்று இரவு நாடகத்தை முழுதாக மறுபடியும் படித்தேன். நான் எழுதிய ஐந்து மதிப்பெண் விடை தவறு என்று தெரிந்தது.

பெயர் இல்லாத தளபதி

கதை பலருக்கும் தெரிந்ததுதான். வெனிஸ் நகரத்தின் படைத்தளபதி ஒத்தெல்லோ. கறுப்பன், வேற்று நாட்டிலிருந்து வந்தவன், ஒரு காலத்தில் அடிமையாக விற்கப்பட்டு மீண்டவன். செனட்டர் பிரபான்ஷியோவின் மகள் டெஸ்டிமோனா அவனைக் காதலித்து, அப்பாவுக்குத் தெரியாமல் மணந்துகொள்கிறாள். தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதவி உயர்வு காசியோவுக்குப் போய்விட்டது என்ற ஆத்திரத்தில் இருக்கிறான் இயாகோ. காசியோவுக்கும் உன் மனைவிக்கும் தொடர்பு என்று ஒத்தெல்லோவின் காதில் ஓதுகிறான். டெஸ்டிமோனாவின் கைக்குட்டை ஒன்று கைமாறி காசியோவிடம் போய்ச் சேர்கிறது. அதைச் சாட்சியாக நம்பிய ஒத்தெல்லோ படுக்கையிலேயே மனைவியை மூச்சுத் திணறடித்துக் கொல்கிறான். உண்மை தெரிந்ததும் தன்னையும் குத்திக்கொண்டு சாகிறான்.

இந்த நாடகம் 1604 நவம்பர் 1 அன்று லண்டனில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையில் நடந்ததாகப் பதிவு இருக்கிறது. அப்போது ஒத்தெல்லோவாக நடித்தவர்கள் முகத்தில் கறுப்பு பூசிய வெள்ளையர்கள். டெஸ்டிமோனாவாக நடித்தவர்கள் சிறுவர்கள்.

முதல் காட்சியைக் கவனித்துப் படித்தால் ஒன்று புரியும். இருவர் தெருவில் நின்று ஒத்தெல்லோவைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் ஒருமுறைகூட அவன் பெயரைச் சொல்வதில்லை. 'மூர்' என்கிறார்கள், 'அவன்' என்கிறார்கள், உதடு தடித்தவன் என்கிறார்கள். முதல் அங்கத்தின் மூன்றாவது காட்சியில், போர் நெருங்கி நாட்டுக்கு அவன் வாள் தேவைப்படும் நேரத்தில்தான், வெனிஸின் கோமகன் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அதுவரை மேடையில் அவனுக்குப் பெயர் கிடையாது.

வேலை ஆக வேண்டியபோது பெயர், மற்ற நேரமெல்லாம் அடையாளம். இது நமக்குப் புதிதா? அப்பாவின் வயதில் இருக்கும் மனிதரை 'டேய்' என்று கூப்பிட்டுப் பழகிய ஊர்கள் நம்முடையவை. அதே ஆளிடம் கிணறு தூர்வாரவோ சாவுக்குப் பறையடிக்கவோ வேலை இருக்கும்போது மட்டும் பெயர் ஞாபகம் வரும்.

அதே முதல் காட்சியில் இயாகோவும் ரோடரிகோவும் நள்ளிரவில் பிரபான்ஷியோவின் வீட்டு முன் நின்று கத்தி அவரை எழுப்புகிறார்கள். 'உன் மகள் ஒருவனை மணந்துகொண்டாள்' என்று சொல்லவில்லை. ஆட்டையும் குதிரையையும் உவமை காட்டி, கேட்கக் கூசும் சொற்களால் அந்தத் திருமணத்தை வருணிக்கிறார்கள். மனிதனை மிருகமாக்கிவிட்டால் மற்ற வேலை சுலபம். அப்பா கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு ஆயுதத்தோடு கிளம்புகிறார். அவர் வைக்கும் குற்றச்சாட்டு என்ன? என் மகள் தானாக இவனை விரும்பியிருக்க முடியாது, மருந்து வைத்து மயக்கிவிட்டான், மந்திரம் போட்டுவிட்டான்.

இந்த வாதத்துக்குத் தமிழ்நாட்டில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு பெயர் புழங்குகிறது: 'நாடகக் காதல்'. நம் பையன்கள் திட்டமிட்டு நடித்து மயக்குகிறார்கள் என்று மேடை போட்டுப் பேசினார்கள். அந்தப் பேச்சின் வேர் பிரபான்ஷியோவின் வாயில் இருக்கிறது. நம் பெண்ணுக்கு மனம் என்று ஒன்று உண்டு, அது தானாக ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் என்பதை ஒப்புக்கொள்ள முடியாதவர்களுக்கு, மந்திரத்தைத் தவிர வேறு விளக்கம் கிடைப்பதில்லை. பையனை மிருகமாக்குகிற பேச்சு, கூடவே பெண்ணை அறிவில்லாதவளாகவும் ஆக்கிவிடுகிறது.

டெஸ்டிமோனா சபையில் வந்து நின்று, என் விருப்பத்தால்தான் மணந்தேன் என்று தெளிவாகச் சொல்கிறாள். 'மூர்' என்ற அதே சொல்லை அவளும் சொல்கிறாள். அவள் வாயில் அது வசையாக இல்லை.

விருந்தாளிதான், மருமகன் இல்லை

பிரபான்ஷியோ ஒத்தெல்லோவை வெறுத்தவர் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அவரே வீட்டுக்கு அழைத்து, உட்காரவைத்து, போர்க்கதைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டவர். அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் மகளும் மனதைக் கொடுத்தாள். வரவேற்பறை வரை அவனுக்கு அனுமதி உண்டு. உறவு என்று வந்ததும் கதவு சாத்தப்படுகிறது.

படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கு இந்த இடம் நன்றாகவே தெரியும். "எங்க வீட்டுல எல்லாம் அந்த வித்தியாசமே பார்க்க மாட்டோம், ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவோம்" என்று சொல்லும் நண்பர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் உண்மையாகவே சொல்கிறார்கள். தங்கை கல்யாணம் என்று வரும்போதுதான் அந்த உண்மை எவ்வளவு தூரம் வரும் என்பது தெரிகிறது.

வெனிஸ் சபை ஒத்தெல்லோவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்கிறது. நீதியுணர்வு மட்டும் அதற்குக் காரணமில்லை. துருக்கியரின் கப்பற்படை சைப்ரஸை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. இவனை விட்டால் அனுப்ப ஆள் இல்லை. வழக்கை முடிக்கும்போது கோமகன் பிரபான்ஷியோவைத் தேற்றுகிறார். குணத்தைப் பார்த்தால் உன் மருமகன் கறுப்பு இல்லை, வெளுப்புதான் என்ற பொருளில் ஒரு பாராட்டு. சபையில் யாருக்கும் அது உறைக்கவில்லை. "உங்களைப் பார்த்தா அப்படித் தெரியவே இல்லையே" என்று நம்மிடம் சொல்பவர்களும் பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார்கள்.

புயலில் துருக்கியரின் கப்பல்கள் அழிந்து போர் இல்லாமலே போகிறது. வாளுக்கு வேலை இல்லாத ஊரில், சுற்றிலும் வெனிஸ்காரர்களோடு, தளபதி இப்போது கணவன் மட்டுமாக நிற்கிறான். இயாகோ வேலையைத் தொடங்குவது அங்கேதான்.

விழுந்தது எது?

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சிதான் நாடகத்தின் மையம். மனைவியை உயிராக நேசிக்கும் ஒருவன் அந்தக் காட்சியின் தொடக்கத்தில் வருகிறான். அவளைக் கொல்லத் தயாரான ஒருவன் அதன் முடிவில் நிற்கிறான். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் எல்லோரும் கைக்குட்டை என்பார்கள். அன்று நானும் அதைத்தான் எழுதினேன்.

வரிசையைப் பாருங்கள். இயாகோவிடம் அப்போது கைக்குட்டை இல்லை. சாட்சி என்று எதுவும் இல்லை. அவன் சொல்வதெல்லாம் இவைதான்: வெனிஸ் பெண்களை எனக்குத் தெரியும், கணவனிடம் மறைப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. உன்னை மணக்கத் தன் அப்பாவையே ஏமாற்றியவள் இவள். இரண்டாவதை பிரபான்ஷியோவே சபையை விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் சாபத்தை எடுத்து இயாகோ திருப்பிப் போடுகிறான், அவ்வளவே. இதற்குக்கூட ஒத்தெல்லோ பெரிதாக அசையவில்லை.

பிறகு ஒத்தெல்லோ தானாக ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறான். இயற்கை தன் வழியிலிருந்து பிறழ்ந்து போகும்போது... என்று இழுக்கிறான். முடிப்பதற்குள் இயாகோ பாய்ந்து பிடித்துக்கொள்கிறான். அதுதான் விஷயம் என்கிறான். தன் நாட்டில், தன் நிறத்தில், தன் தகுதியில் எத்தனையோ பேர் கேட்டும் மறுத்தாள், எதிலுமே ஒட்டாத உன்னை ஏன் தேர்ந்தெடுத்தாள், இது இயல்பா, நாளைக்கு அவள் தெளிந்து உன்னைத் தன் ஊர் ஆண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க மாட்டாளா என்று கேட்கிறான்.

நாடகத்தில் என்னை உலுக்கிய இடம் இது. அந்த வாக்கியத்தை ஆரம்பித்தது இயாகோ இல்லை. ஒத்தெல்லோவே ஆரம்பித்தான். தெருவில் நள்ளிரவில் கத்தப்பட்ட பேச்சு, சபையில் மாமனார் வைத்த குற்றச்சாட்டு, கோமகனின் பாராட்டு எல்லாமே அவனுக்குள் முன்பே போய் உட்கார்ந்திருக்கின்றன. இவளைப் போன்றவள் என்னைப் போன்றவனை விரும்புவது இயற்கை இல்லை என்று அவனே நம்பத் தொடங்கிவிட்டான். இயாகோ அதை உரக்கச் சொல்லும் வாய்.

இயாகோ போனதும் ஒத்தெல்லோ தனியே நின்று காரணம் தேடுகிறான். முதலில் வருவது, நான் கறுப்பன் என்பதாலோ என்ற எண்ணம். அரண்மனை மனிதர்களின் நயமான பேச்சு எனக்கு வராது என்பது அடுத்து. வயது மூன்றாவதாகத்தான் வருகிறது. சற்று நேரம் கழித்து, மனைவியின் பெயரில் கறை படிந்துவிட்டது என்று புலம்பும்போது, அந்தக் கறைக்கு உவமையாகத் தன் முகத்தையே காட்டுகிறான். போர்க்களத்தில் தோல்வி தெரியாதவன், தன் தோலைத் தானே அழுக்கு என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டான்.

டெஸ்டிமோனா உள்ளே வந்து, அவனுக்குத் தலைவலி என்று கட்டக் கைக்குட்டையை எடுத்து, அது கீழே விழுவது இதற்கிடையில்தான். அது விழுவதற்கு முன்பே அவன் விழுந்தாயிற்று.

தாமஸ் ரைமர் என்ற ஆங்கில விமர்சகர் 1693-இல் இந்த நாடகத்தைக் கிண்டலடித்தார். கைக்குட்டையை வைத்து ஒரு சோக நாடகமா, பெண்கள் தங்கள் துணிமணிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் நீதியா என்று கேலி செய்தார். ஒரு கறுப்பனைப் படைத்தளபதியாகக் காட்டியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. இந்த இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தவை. அவமானத்தின் கனம் தெரியாதவருக்குக் கைக்குட்டை மட்டும்தான் கண்ணில் படும்.

தமிழ் படித்த நமக்குச் சிலப்பதிகாரம் இங்கே ஞாபகம் வராமல் இருக்காது. ஒரு பொருளைச் சாட்சியாக வைத்து, ஆராயாமல் ஒரு உயிர் எடுக்கப்படுகிறது. அங்கே சிலம்பு, இங்கே கைக்குட்டை. பாண்டியனிடம் கோவலனைக் கள்வன் என்று சொல்ல ஒரு பொற்கொல்லன் போதும். ஊருக்குப் புதியவன் என்றால் விசாரணை அதிகம் தேவைப்படுவதில்லை.

ஷேக்ஸ்பியர் மாற்றியது

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது 1565-இல் வெளிவந்த சிந்தியோ என்ற இத்தாலியரின் கதைத் தொகுப்பிலிருந்து. அந்தக் கதையில் பெண்ணுக்கு மட்டுமே பெயர் உண்டு. கணவன் வெறும் 'மூர்'தான். துன்பம் முற்றும்போது அந்தப் பெண், இயற்கையாலும் வாழ்க்கை முறையாலும் நமக்கு வேறான ஒருவனைப் பெற்றோர் பேச்சை மீறி மணக்கக் கூடாது என்பதற்கு நான் பாடமாகப் போகிறேன் என்ற பொருளில் வருந்துகிறாள். கதையின் நீதி அதுதான்: சாதி விட்டுச் சாதி போகாதே.

ஷேக்ஸ்பியர் அந்த நீதியை எடுத்துப் போட்டுவிட்டார். அவருடைய டெஸ்டிமோனா எல்லோர் முன்னாலும் அடி வாங்குகிறாள், வேசி என்று ஏசப்படுகிறாள். இவனை மணந்தது தப்பு, அப்பா சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. நானூறு ஆண்டுகளாக இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு 'பொருந்தாத் திருமணம், அதுதான் இப்படி ஆயிற்று' என்று சொல்கிறவர்கள், பழைய கதையின் நீதியைத்தான் இதில் தேடி எடுத்துக்கொள்கிறார்கள்.

யார் மேடையேறலாம்?

இந்த நாடகத்தின் மேடை வரலாறும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. நியூயார்க்கில் பிறந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ், 1833 ஏப்ரலில் லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக நடித்தார். வெள்ளை நடிகையை ஒரு கறுப்பர் தொடுவதா என்று பத்திரிகைகள் குதித்தன. இரண்டு நாளோடு அது முடிந்தது. அவர் ஐரோப்பா முழுக்கச் சுற்றி நடித்துப் புகழ்பெற்றார். 1848-இல் கல்கத்தாவின் சான்ஸ் சூசி அரங்கில் வைஷ்ணவ் சரண் ஆட்டி என்ற வங்காளி, ஆங்கிலேய நடிகர்களோடு ஒத்தெல்லோவாக மேடையேறினார். காலனி ஆட்சியில் அது சாதாரணக் காரியமில்லை.

1943-இல் பால் ராப்சன் நியூயார்க்கின் பிராட்வேயில் நடித்தபோது நாடகம் 296 முறை நடந்தது. அப்போது அமெரிக்காவின் பல மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வது சட்டப்படி குற்றம். 1967-இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை ஒழித்தது. 1987-இல், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்கில் ஜான் கனி ஒத்தெல்லோவாக நடித்தார். கலப்புமணத் தடைச் சட்டம் அங்கே நீக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

நம் பக்கத்தில் அ. மாதவையா இதைத் தழுவி 'உதயலன்' என்ற நாடகத்தை எழுதினார். வெனிஸ் கொற்கையானது, மூர் சிங்களவன் ஆனான். வேற்று நாட்டவன் என்ற அளவில் அது நின்றுவிட்டது. சாதியின் மேல் கை வைத்தது மலையாளப் படமான 'களியாட்டம்' (1997). தெய்யம் ஆடும் கண்ணன் பெருமலையன், ஊர்ப் பெரிய வீட்டுப் பெண் தாமரை. ஆட்டத்தின்போது அவன் தெய்வம், ஊரே கும்பிடும். வேஷத்தைக் கலைத்தால் தாழ்ந்த சாதிக்காரன். வெனிஸ் சபையில் நடந்ததை இதைவிட நன்றாக நம் மண்ணுக்குச் சொல்ல முடியாது. சுரேஷ் கோபிக்கும் இயக்குநர் ஜெயராஜுக்கும் தேசிய விருது கிடைத்தது. 2006-இல் விஷால் பரத்வாஜ் இந்தியில் எடுத்த 'ஓம்காரா'வில் நாயகன், தாழ்த்தப்பட்ட சாதித் தாய்க்கும் பிராமணத் தந்தைக்கும் பிறந்தவன். கைக்குட்டை அங்கே ஒட்டியாணம் ஆகிறது.

எதிர்க்கேள்வி ஒன்றும் உண்டு. இந்த நாடகம் நம் பக்கம்தானா? எவ்வளவு உயர்ந்தாலும் உள்ளுக்குள் அவன் காட்டுமிராண்டிதான், கடைசியில் பெண்ணைக் கொன்றான் பார் என்று சொல்பவர்களுக்கு இது தீனி போடவில்லையா? கானாவில் பிறந்த பிரிட்டிஷ் நடிகர் ஹியூ குவாஷி 1990-களின் இறுதியில் இதைக் கேட்டார். கறுப்பு நடிகர் நடிக்கவே கூடாத பாத்திரம் ஒன்று உண்டென்றால் அது ஒத்தெல்லோவாக இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். பிறகு 2015-இல் அவரே ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் ஒத்தெல்லோவாக நடித்தார். அதில் இயாகோவும் கறுப்பினத்தவர்தான், லூசியன் எம்சமாட்டி.

குவாஷியின் தயக்கம் நியாயமானது. நாடகத்தை நாம் கொண்டாடத் தேவையில்லை. அதனோடு வாதாடலாம். ஆனால் அதில் ஒரு உண்மை இருக்கிறது. அதை நம்மவர்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவமானம் விலக்கு அல்ல

ஒத்தெல்லோ அவமானப்பட்டவன். அவனுக்காக வருந்துகிறேன். ஆனால் கொல்லப்பட்டவள் டெஸ்டிமோனா. அவள் ஒரு தவறும் செய்யவில்லை. இந்த உலகம் அவனை என்ன செய்தது என்பது, அவன் அவளை என்ன செய்தான் என்பதற்குப் பதில் ஆகாது.

உயிர் போகும் நேரத்தில், யார் செய்தது என்று எமிலியா கேட்கிறாள். யாருமில்லை, நானேதான் என்கிறாள் டெஸ்டிமோனா. அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில், "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்று வாக்குமூலம் கொடுத்த பெண்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். நம் தெருவிலும் இருந்தார்கள்.

இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் எமிலியாதான். இயாகோவின் மனைவி. கைக்குட்டையை எடுத்துக் கணவனிடம் கொடுத்தவள் அவள். டெஸ்டிமோனா அதைத் தேடித் தவித்தபோது தெரியாது என்று சொல்லி மழுப்பியவளும் அவளே. ஆனால் கடைசியில், வீட்டுக்குப் போ, வாயை மூடு என்று கணவன் வாளை உருவி நிற்கும்போது, மூட மாட்டேன் என்கிறாள். எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். அதற்கு உயிரையே கொடுக்கிறாள். தாமதமான உண்மைதான். அவள் ஒருத்தி பேசியிருக்காவிட்டால் அதுவும் வெளியே வந்திருக்காது.

நாடகம் முடியும்போது காசியோ சைப்ரஸின் ஆட்சியாளன் ஆகிறான். ஒத்தெல்லோவின் சொத்து மாமனார் குடும்பத்துக்குப் போகிறது. தன்னைக் குத்திக்கொள்ளும் முன் ஒத்தெல்லோ, வெனிஸ்காரனை அடித்து நாட்டை இகழ்ந்த ஒரு துருக்கியனை முன்பு தான் குத்திக் கொன்ற கதையைச் சொல்கிறான். அதே மாதிரி இப்போது தன்னைக் குத்துகிறான். கொல்லும் வெனிஸ் வீரனும் அவன்தான், கொல்லப்படும் அந்நியனும் அவன்தான். வெனிஸுக்கு வேலை மிச்சம்.

கதவைத் தட்டாத நாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாதி மறுப்புத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பையன் நம்மவர், பெண் வேறு சாதி. காவல் நிலையத்தில் பெண் வீட்டாரின் மிரட்டலைச் சமாளித்து, பதிவு முடித்து, வீடு பார்த்துக் கொடுத்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண நிதியுதவிக்கு விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தோம். அன்று இரவு பெரிய வெற்றி என்று தோழர்களோடு டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பெண் போனில் அழைத்தார். "தோழர், அவர் என் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறார். வேலைக்குப் போக வேண்டாங்கிறார். என் பழைய காலேஜ் பிரெண்ட்ஸ் யார்கிட்டயும் பேசக் கூடாதாம்." புதுக் குடும்பம், சரியாகிவிடும் என்றேன். அவர் மறுபடி அழைத்தபோது, இது உங்கள் குடும்ப விஷயம், நான் நடுவில் வந்தால் நன்றாக இருக்காது என்றேன். மூன்றாவது முறை அவர் அழைக்கவில்லை. கையில் கட்டோடு ஒரு விடுதிக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. பெண்ணின் சொந்தக்காரர்கள், "நாங்க அப்பவே சொன்னோமே" என்றார்கள்.

அந்தப் பையனைப் போய்ப் பார்த்தேன். கெட்டவன் இல்லை. அம்பேத்கர் படிப்பு வட்டத்தில் என்னோடு உட்கார்ந்து படித்தவன். அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தோழர், என்கிட்ட என்ன இருக்குன்னு அவ வந்தா? கடைத்தெருவுல எல்லாரும் இதைத்தான் கேட்கிறாங்க. இன்னிக்கு வந்தவ நாளைக்குப் போயிட மாட்டாளான்னு கேட்கிறாங்க." ஒத்தெல்லோ தொடங்கி முடிக்காமல் விட்ட வாக்கியம்தான் அது. கேட்டவர்களில் ஆதிக்க சாதிக்காரர்களும் இருந்தார்கள், நம்மவர்களும் இருந்தார்கள்.

நாம் பிரபான்ஷியோக்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். 2016-இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்ததை நாம் மறக்க மாட்டோம். 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, மிரட்டப்படும் தம்பதிகளுக்குப் பாதுகாப்புக் கேட்டு ஒவ்வொரு மாவட்டத்திலும் போராடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வரும் அரிவாளைத் தடுக்க நமக்கு இருக்கும் கவனத்தில் பாதிகூட, காதுக்குள் போகும் பேச்சைத் தடுப்பதில் இல்லை.

சாதியை ஒழிக்கக் கலப்பு மணமே உண்மையான மருந்து என்று 1936-இல் அம்பேத்கர் எழுதினார். சாதி மனதில் இருக்கும் ஒன்று என்பதையும் அதே நூலில் சொன்னார். முதலாவதை நாம் மேடையில் சொல்கிறோம். இரண்டாவது நம் வீட்டுக்குள் நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டது. நீ தாழ்ந்தவன் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த சமூகம், உன்னை ஒருத்தி மனதார விரும்பும்போதும் அதை நம்ப விடாது. அந்த நம்பிக்கையின்மைக்கு மனைவியை விலை கொடுக்க வைப்பது, பிரபான்ஷியோவின் வேலையை நாமே செய்து கொடுப்பதாகும். அவள் ஏன் வந்தாள் என்று கடைத்தெருவைக் கேட்பானேன்? அவளைக் கேட்கலாம். ஒத்தெல்லோ மற்றவர்களைக் கேட்டான், அவளைக் கேட்டபோது முடிவை முன்பே எடுத்துவிட்டிருந்தான். பதிலையும் நம்பவில்லை.

மாணவர்கள் கடைசியில் அந்தச் சொல்லுக்கு ஒரு முடிவு எடுத்தார்கள். முதல் காட்சியில் வசைச் சொல் எதுவும் வேண்டாம், 'அந்த ஆளு' என்று மட்டும் வரட்டும், பார்ப்பவர்களுக்கு எந்தச் சொல் தோன்றுகிறதோ அதை அவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்றார் அந்த மாணவி. எமிலியாவாக நடிக்கப் போவது அவர்தான். அடுத்த மாதம் மேடையேற்றம். போகப் போகிறேன்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மற்ற வீடுகளின் முகவரிகளைப் பழைய டைரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டி, டீ குடித்துவிட்டு, இருவரிடமும் தனித்தனியாகக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வர வேண்டும். உங்களிடமும் அப்படி ஒரு டைரி இருந்தால் எடுத்துப் பாருங்கள்.